வானத்துக்கு என்ன கலர் கொடுக்கிறது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டாபிக் என்னன்னு கேட்டா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அட்டெண்டன்ஸ் ஆப்னு சொல்வாங்க, மீதிப் பேர் சாட்பாட்னு சொல்வாங்க. நாங்க நாலு பேர் "வானம்"னு சொன்னோம். "வானத்துல என்ன மச்சான் ப்ராஜெக்ட் இருக்கு? மேல நீலம், கீழ வெள்ளை, நடுவுல ரெண்டு மேகம். ஒரு மணி நேர வேலை"னு ஹாஸ்டலே சிரிச்சது. அந்த ஒரு மணி நேர வேலைக்கு எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. ஏன் அவ்வளவு நாள் ஆச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை. கோடிங் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். கோட் ஒரு வரி கூட வராது, கொஞ்சம் நம்பர் மட்டும் வரும்.

எங்க லேபுல ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கு. பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. மூணு மானிட்டர், ஒரு யோக், ரெண்டு பெடல், ஒரு பழைய கார் சீட், அவ்வளவுதான். விமானம் எப்படிப் பறக்கணும்ங்கிற கணக்கையெல்லாம் சீனியர்கள் எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. ஜன்னலுக்கு வெளியே தெரியிற காட்சி மட்டும் எங்க பொறுப்பு. அந்த சீட்ல உட்கார்ந்து பார்த்தா ஒரு விஷயம் உடனே புரியும்: ஸ்கிரீன்ல பாதிக்கு மேல வானம்தான். காக்பிட்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்சையும் நுணுக்கமா செஞ்சு வச்சாலும், அந்தப் பாதி பொய்யா இருந்தா மொத்தமும் பொம்மை மாதிரிதான் தெரியும்.

வானத்துக்கு பெயின்ட் அடிக்கிறது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல ரொம்பப் பழைய பழக்கம். 1982-ல மைக்ரோசாஃப்ட்டோட முதல் ஃப்ளைட் சிமுலேட்டர் ஐ.பி.எம். பி.சி.க்கு வந்தப்போ, அதுல இருந்த சி.ஜி.ஏ. கார்டு கிராஃபிக்ஸ் மோடுல ஒரே நேரத்துல 4 நிறம்தான் காட்டும். அந்த நாலுக்குள்ள தரை, ரன்வே, வானம் எல்லாம் அடங்கணும். பெயின்ட் அடிக்கிறதத் தவிர வேற வழி கிடையாது. அப்புறம் கிரேடியன்ட் வந்தது: மேலே அடர்நீலம், கீழே வர வர வெளிறல். அதுக்கு அப்புறம் ஸ்கைபாக்ஸ்: ஒரு பெரிய டப்பாவோட உள்பக்கம் வானத்தோட ஃபோட்டோவ ஒட்டி, அதுக்குள்ள நம்மள நிக்க வைக்கிறது. நீங்க விளையாடுற பல கேம்ல இன்னைக்கும் இதுதான் நடக்குது. தரையில ஓடுற கேமுக்கு அது போதும்.

ஆனா விமானம் ஏறும். தரையில எடுத்த ஃபோட்டோவ, 11 கிலோமீட்டர் உயரத்துல பறக்கிறவன் ஜன்னல்ல ஒட்ட முடியுமா? மத்தியானம் கிளம்பி அந்தியில இறங்குறவனுக்கு எத்தனை ஃபோட்டோ ஒட்டுவீங்க? மேற்க பாத்துப் பறக்கிறவனுக்கும் கிழக்க பாத்துப் பறக்கிறவனுக்கும் ஒரே வானமா? இங்கதான் பெயின்ட் டப்பா தோத்துப் போகுது. வானத்தோட நிறம் வானத்துல ஒட்டியிருக்கிற நிறம் இல்ல. உங்க கண்ணு, சூரியன், நடுவுல இருக்கிற காத்து, இந்த மூணும் சேர்ந்து அந்தந்த நொடியில உண்டாக்குற நிறம். அதனால அதக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கணும்.

கணக்கோட ஆரம்பம் நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். பத்தாவதுல "ரேலே ஸ்கேட்டரிங், இன்வெர்ஸ்லி ப்ரொபோர்ஷனல் டு த ஃபோர்த் பவர் ஆஃப் வேவ்லெங்த்"னு மூச்சு விடாம ஒப்பிச்சு ரெண்டு மார்க் வாங்கியிருப்போம். நான் இங்கிலீஷ் மீடியம். அந்த வரி வாய்க்கு வந்தது, மண்டைக்கு வரல. அதுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: காத்துல இருக்கிற மூலக்கூறுகள் நீல ஒளிய சிவப்பு ஒளிய விட ரொம்ப அதிகமா சிதறடிக்கும். 1871-ல ரேலே பிரபு இதக் கணக்கா எழுதினார். ஷேடர்ல அந்தச் சட்டம் மூணு நம்பரா வந்து உட்காரும். கடல் மட்டத்துல ஒரு மீட்டர் காத்தத் தாண்டிப் போற ஒளியில, பத்து லட்சத்துல சிவப்பு 5.8 பங்கு சிதறும், பச்சை 13.5, நீலம் 33.1. நீலம் சிவப்ப விட 5.7 மடங்கு. மேலே போகப் போக காத்து மெலியும், 8 கிலோமீட்டர் ஏறினா ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் மிச்சம். சுத்தமான காத்தோட ஜாதகம் மொத்தமே இந்த நாலு நம்பர்தான்.

இத வச்சு என்ன பண்ணுவோம்? உங்க கண்ணுலேருந்து ஸ்கிரீனோட ஒவ்வொரு பிக்சல் வழியாவும் வானத்துக்குள்ள ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டுல அங்கங்க நின்னு மூணு கேள்வி கேட்போம். சூரியனிலேருந்து இந்தப் புள்ளிக்கு எவ்வளவு ஒளி வந்து சேருது? அதுல எவ்வளவு உங்க பக்கம் திரும்புது? திரும்பினது உங்க கண்ணுக்கு வர்ற வழியில எவ்வளவு தொலைஞ்சு போகுது? எல்லாத்தையும் கூட்டினா அந்த பிக்சலோட நிறம்.

முதல் தடவ இது ஓடினப்போ ராத்திரி ரெண்டு மணி. கருப்பு ஸ்கிரீன்ல வானம் வந்தது. தலைக்கு மேல ஆழமான நீலம், அடிவானத்துகிட்ட வெளுப்பு. நாங்க எழுதின கோட்ல எங்கேயுமே "நீலம்"ங்கிற வார்த்தை கிடையாது. சூரியன கீழ இறக்கினோம். அடிவானத்துல ஒளி கடக்கிற காத்து, நேர் மேலே இருக்கிறப்போ கடக்கிறத விட சுமார் 38 மடங்கு அதிகம். அவ்வளவு தூரத்துல நீலம் எல்லாம் வழியிலேயே சிதறிப்போய், மிச்சம் இருக்கிற சிவப்புதான் வந்து சேரும். ஸ்கிரீன் செவந்தது. "செவப்பு"ன்னும் நாங்க எங்கேயும் எழுதல. நாலு பேரும் எதுவும் பேசாம அதையே மேல ஏத்தி, கீழ இறக்கி, மேல ஏத்தி, விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம். பத்தாவதுல படிச்ச ரெண்டு மார்க் அன்னைக்குத்தான் மண்டைக்கு வந்தது.

இதுல ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு வேகம். ஒரு சாதாரண மானிட்டர்ல 20 லட்சத்துக்கு மேல பிக்சல். ஒவ்வொண்ணுக்கும் கோட்டுல 16 இடத்துல நின்னு, ஒவ்வொரு இடத்துலேருந்தும் சூரியனப் பாத்து இன்னொரு 8 இடம் எடுத்தா, ஒரு ஃப்ரேமுக்கு 26 கோடிக்கு மேல கணக்கு. சிமுலேட்டர் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் கேட்கும். எங்க லேப் கம்ப்யூட்டர் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துச்சு. இதுக்கான வழி 2008-லேயே எரிக் ப்ரூனெட்டான், ஃபாப்ரிஸ் நெய்ரேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டின வழி: கணக்கையெல்லாம் முன்கூட்டியே போட்டு ஒரு டேபிளா சேமிச்சு வச்சுட்டு, பறக்கிறப்போ அந்த டேபிளப் பாத்து எடுத்துக்கிறது. நம்ம லாக் புக் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு தடவ சிதறின ஒளி மறுபடி மறுபடி சிதறுறதையும் அதுல சேர்த்துக்கலாம். அது இல்லன்னா அந்தி வானம் சீக்கிரமே இருண்டு போயிடும்.

இன்னொண்ணு, ரேலே மட்டும் போதாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழ இறங்கினதும் தலைக்கு மேல எங்க வானம் நீலத்த விட்டுட்டு ஒரு மாதிரி மஞ்சள் கலந்த சாம்பலா மாறுச்சு. நிஜத்துல அந்த நேரம் உச்சி வானம் நல்ல நீலமா இருக்கும். இதே புதிரை 1953-ல ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர் அவிழ்த்திருக்கார்: அந்த நேரத்து நீலத்துக்குப் பெரும்பகுதி காரணம் ஓசோன். ஓசோன் மஞ்சளையும் ஆரஞ்சையும் கொஞ்சம் உறிஞ்சும். ஒளி சாய்வா, ரொம்ப தூரம் ஓசோன் அடுக்குக்குள்ள வர்றப்போ அந்த "கொஞ்சம்" பெருசாகி, நீலம் மிஞ்சும். ஓசோன சேர்த்ததும் அந்தி சரியாச்சு. புற ஊதாக் கதிரத் தடுக்கும்னு மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஓசோன், தினமும் சாயங்காலம் வானத்துக்கு நீலமும் கொடுக்குதுன்னு தெரிஞ்சப்போ எனக்கு அது மேல தனி மரியாதையே வந்துடுச்சு.

இதுவரைக்கும் எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க. பிரச்சினை மீனம்பாக்கத்துல ஆரம்பிச்சது.

எங்க சிமுலேட்டர் கிளம்புற இடம் சென்னை விமான நிலையம். அங்கேருந்து அரை மணிக்கு ஒருமுறை மெட்டார்னு ஒரு வானிலைக் குறிப்பு வரும். காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், வெப்பம் எவ்வளவு, எவ்வளவு தூரம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும், எல்லாம் சுருக்கமா ஒரே வரியில இருக்கும். நாங்க எடுத்த நாள்ல பார்வைத் தொலைவு 5000 மீட்டர்னு போட்டு, பக்கத்துல ஹெச் இசட்னு ரெண்டு எழுத்து. ஹேஸ், அதாவது மூட்டம். மழை இல்ல, மேகம் இல்ல, காத்துல தூசி, புகை, கடல் உப்புத் துகள் அவ்வளவுதான். சென்னையில ஈரப்பதம் அதிகம்ங்கிறதால அந்த உப்புத் துகள் தண்ணிய உறிஞ்சி ஊதிப் பெருசாயிடும்.

பார்வைத் தொலைவுலேருந்து காத்தோட அடர்த்தியக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு. 1924-ல கோஷ்மீடர்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி சொன்னது: 3.912-ஐ பார்வைத் தொலைவால வகுத்தா, ஒரு மீட்டருக்கு எவ்வளவு ஒளி தொலையுதுன்னு வரும். 5000 மீட்டருக்குப் போட்டா, பத்து லட்சத்துல 782 பங்கு. சுத்தமான காத்துல பச்சை ஒளிக்கு எவ்வளவு? மேலே சொன்ன அதே 13.5. கிட்டத்தட்ட 58 மடங்கு! வேற மாதிரி சொல்றேன். சுத்தமான காத்து மட்டும் இருந்தா இதே கணக்குப்படி 290 கிலோமீட்டர் வரைக்கும் தெரியணும். அன்னைக்கு மீனம்பாக்கத்துல தெரிஞ்சது 5.

இந்தத் துகள்கள் காத்து மூலக்கூறு மாதிரி சின்னது இல்ல, அதனால நீலத்துக்கு மட்டும் பெரிய சலுகை கொடுக்காது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். 1908-ல குஸ்டாவ் மீ போட்ட கணக்கு இது. எல்லா நிறமும் சமமா வந்தா என்ன நிறம்? வெள்ளை. அந்த 782-ஐ எங்க ஷேடர்ல போட்டோம். எட்டு மாசக் கனவு நீலம் அப்படியே கரைஞ்சு போச்சு. தலைக்கு நேர் மேல மட்டும் வெளிறின நீலம், மத்தபடி சுத்தியும் பால் மாதிரி வெள்ளை. சூரியனச் சுத்தி கண்ணு கூசுற ஒரு வெளிச்சப் படலம். அடிவானம் எங்கேன்னே தெரியல. கடல் எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு கூட இல்ல.

அடுத்த வாரம் ரிவ்யூ. பேனல்ல ஒரு சார் ஸ்கிரீனப் பாத்ததும் கேட்டார், "ஏம்ப்பா, ஸ்கை கலரே வரலையே? ஷேடர் லோட் ஆகலையா?"

"லோட் ஆயிருக்கு சார். இதுதான் கலர்."

"போன வாரம் நல்லா நீலமா இருந்ததே, அதையே காட்டலாமே. பார்க்கிறவங்களுக்கு ஒரு அப்பீல் வேணும்ல?"

அவர் கேட்டதுல நியாயம் இல்லாம இல்ல. வெளியே வந்ததும் எங்க டீமே ரெண்டாப் பிரிஞ்சது. "டேய், எக்ஸ்டர்னல் வர்ற அன்னைக்கு வெள்ளை வானத்தக் காட்டி மார்க்க விடணுமா? ஒரு அழகு ஸ்லைடர் வச்சுடலாம். டெமோவுக்கு நீலம், ரிப்போர்ட்டுக்கு வெள்ளை"ன்னு ஒருத்தன். நல்ல நீல வானத்தோட ஒரு ஃபோட்டோவ இன்னொருத்தன் ஃபோன்ல காட்டினான். "பாரு, நம்ம காலேஜ்லயே எடுத்தது. எவ்வளவு நீலமா இருக்கு?"

இந்த ஃபோன் விஷயத்தக் கொஞ்சம் பேசிடுவோம். வானத்தோட நிறத்த அளக்கிறது லேசான வேலை இல்ல. 1789-ல சொஸ்யூர்னு ஒரு சுவிட்சர்லாந்து விஞ்ஞானி வெள்ளையிலேருந்து கருநீலம் வரைக்கும் 50-க்கு மேல படிகள் தீட்டின ஒரு வட்ட அட்டைய செஞ்சு, வானத்துக்கு நேரா பிடிச்சு ஒப்பிட்டுப் பாத்தார். 1921-ல நம்ம திருச்சியில பிறந்த சி.வி. ராமன் கப்பல்ல போறப்போ மத்தியதரைக் கடலோட நீலத்தப் பாத்தார். அது வானத்தோட பிரதிபலிப்புதான்னு ரேலேயே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிகோல் பிரிஸம் வழியா, மேற்பரப்புல பிரதிபலிக்கிற ஒளிய வடிகட்டிட்டுப் பாத்தார். நீலம் குறையல. தண்ணியே சிதறடிக்கிற நீலம் அதுன்னு காட்டினார். ரெண்டு பேரும் தங்க கண்ணுக்கு முன்னாடி ஒரு அளவுகோல வச்சுப் பாத்தாங்க. நம்ம கையில இருக்கிற ஃபோன் அப்படி இல்ல. அது வானம்னு கண்டுபிடிச்ச உடனே நீலத்தத் தூக்கி விடும், மூட்டத்தக் குறைச்சு விடும். நமக்குப் பிடிச்ச வானத்த அதுவே வரைஞ்சு கொடுத்துடும். அதப் பாத்துப் பாத்து, எது நிஜ வானம்ங்கிற ஞாபகமே நமக்கு மாறிப்போயிருக்கு.

ஸ்கிரீன் மேலயும் கொஞ்சம் பழி இருக்கு. தெளிவான வானத்தோட வெளிச்சம் சில ஆயிரம் நிட்ஸ். லேப்டாப் ஸ்கிரீன் 250, 300 நிட்ஸ். அந்தப் பெரிய வெளிச்சத்த இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள அடக்குறதுக்கு டோன் மேப்பிங்னு பேரு. அதுல ஒவ்வொருத்தரும் ஒரு முடிவு எடுத்துத்தான் ஆகணும். அதனால "நூறு சதவீதம் நிஜம்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா அமுக்குறது வேற, இல்லாதத வரையிறது வேற.

நாங்க அளவுகோலா எடுத்துக்கிட்டது பரங்கிமலைய. ஹாஸ்டல் மொட்டை மாடியிலேருந்து சுமார் 6 கிலோமீட்டர். சில நாள் மரம் மரமாத் தெரியும். சில நாள் ஒரு சாம்பல் நிழல். சில நாள் அங்க மலையே இல்ல. ரெண்டு வாரம் காலையும் மத்தியானமும் வெறும் கண்ணால பாத்துக் குறிச்சு வச்சு, அதே நேரத்து மெட்டாரப் போட்டு சிமுலேட்டர்ல மலை தெரியுதான்னு பாத்தோம். பெரும்பாலும் ஒத்துப்போச்சு. கண்ண நிமிர்த்திப் பாத்த அந்த ரெண்டு வாரத்துல, எனக்கு நிஜமான நீல வானம் கிடைச்சது மழை பெஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் காலையில மட்டும்தான்.

அப்பவும் அழகு ஸ்லைடர் கட்சி விடல. "சரி மச்சான், நிஜம்தான். ஆனா யாருக்கு அது வேணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் எங்ககிட்ட இல்ல. பதில் வேற இடத்துலேருந்து வந்தது.

டீம்ல ஒருத்தனோட அக்கா ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல பைலட் ட்ரெய்னிங்ல இருக்காங்க. லீவுக்கு ஊருக்கு வந்தப்போ லேபுக்குக் கூட்டிட்டு வந்தான். முதல்ல நீல வானத்துல பறந்தாங்க. "சூப்பரா இருக்குடா, கேம் மாதிரியே இருக்கு"ன்னாங்க. அப்புறம் நாங்க அதே இடத்துல, அந்தி சாயிற நேரம், பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டர்னு மாத்தினோம். கண்ணால பாத்து ஓட்டுறவங்களுக்குத் தாழ்வான உயரங்கள்ல பொதுவா விதி அனுமதிக்கிற குறைந்தபட்சம் அதுதான், அதுவே சட்டப்படி சரியான நாள். கடல் மேல திரும்பினாங்க.

"தம்பி, அடிவானம் எங்கடா?"

"இல்லக்கா. அங்க அவ்வளவுதான் தெரியும்."

அக்கா ஒரு ரெண்டு செகண்ட் வெளியே தேடினாங்க. அப்புறம் பார்வைய டக்குனு கீழ இறக்கி, ஆட்டிட்யூட் இண்டிகேட்டரப் பாத்தாங்க. விமானம் ஏற்கனவே லேசா இடது பக்கம் சாய ஆரம்பிச்சிருந்தது. நேராக்கிட்டு, கொஞ்ச நேரம் அதையே பாத்து ஓட்டிட்டு, யோக்க விட்டுட்டுச் சொன்னாங்க: "எங்க இன்ஸ்ட்ரக்டர் இத வாயால நூறு தடவ சொல்லியிருக்கார். வெளிய கோடு இல்லன்னா உள்ள பாருன்னு. ஆனா நான் வீட்டுல ப்ராக்டிஸ் பண்ற சிமுலேட்டர்ல எப்பவுமே கோடு இருக்கும்டா."

அன்னைக்கு ராத்திரி நான் தேடிப் படிச்சது 1999 ஜூலை 16 விபத்தப் பத்தி. ஜான் எஃப். கென்னடி ஜூனியர், அமெரிக்க அதிபரா இருந்தவரோட மகன், ஒரு சின்ன பைப்பர் சரட்டோகா விமானத்த தானே ஓட்டிக்கிட்டு மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் போறார். கூட மனைவியும், மனைவியோட அக்காவும். ராத்திரி, கீழே கடல், காத்துல மூட்டம். விமானம் கடல்ல விழுந்தது, மூணு பேரும் இறந்துட்டாங்க. விசாரிச்ச அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம்: எது மேல, எது கீழங்கிற உணர்வு தடுமாறி விமானம் கட்டுப்பாட்ட இழந்தது. அதுக்குத் துணைபோன காரணிகள்னு ரெண்டே ரெண்டு எழுதியிருக்காங்க: மூட்டம், இருண்ட இரவு. அடிவானம் தெரியலன்னா நம்ம காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாந்துடும். மெதுவா சாயிற விமானத்த நேராப் போகுதுன்னு அது சத்தியம் பண்ணும்.

இறங்குறப்போவும் இதே கதைதான். மூட்டத்துல ரன்வே இருக்கிறத விடத் தள்ளித் தெரியும். அது தெரியாத பைலட் இருக்க வேண்டியத விடத் தாழ்வா இறங்கிடுவார்னு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தோட கையேட்டுலயே எச்சரிக்கை இருக்கு. நம்ம கணக்கையே பாருங்க: பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டர் இருக்கிற நாள்ல, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பொருளோட பளிச்சுங்கிற தன்மை 46 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். 2.5 கிலோமீட்டர்ல 14. அஞ்சுல வெறும் 2. அழகு ஸ்லைடர் போட்ட வானத்துல 20 கிலோமீட்டர்லயே ரன்வே பளிச்சுனு கோடு போட்ட மாதிரி தெரியும். அந்த வானத்துல நூறு தடவ அழகா இறங்கினவங்க என்ன கத்துக்கிட்டிருப்பாங்க?

யாருக்கு வேணும்ங்கிற கேள்வி அதோட முடிஞ்சது. ஸ்லைடர் வைக்கல. ஒரே ஒரு குமிழ்தான் வச்சோம்: பார்வைத் தொலைவு. அதுவும் மெட்டார்லேருந்து தானா எடுத்துக்கும். நீலம் வேணும்னா நல்ல காத்து இருக்கிற நாளத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா மேல ஏறுங்க.

அந்த "மேல ஏறுங்க"தான் கடைசி ரிவ்யூல எங்களக் காப்பாத்துச்சு. மூட்டத் துகளெல்லாம் கனமானது, தரையோட ஒட்டியே கிடக்கும். காத்து 8 கிலோமீட்டர்ல மெலியிற அளவுக்கு, துகள் 1.2 கிலோமீட்டர்லயே மெலிஞ்சிடும். மீனம்பாக்கத்துலேருந்து கிளம்பி நிமிஷத்துக்கு 2000 அடி ஏறினா அஞ்சு நிமிஷத்துல 10,000 அடி, அதாவது 3 கிலோமீட்டர். அங்க துகள் தரையில இருந்ததுல 8 சதவீதம்தான். பேனல் முன்னாடி அந்த அஞ்சு நிமிஷத்த முழுசா ஓட்டினோம். வெள்ளைக்குள்ள கிளம்புது. ரெண்டாவது நிமிஷம் தலைக்கு மேல நீலம் கொஞ்சம் கெட்டியாகுது. நாலாவது நிமிஷம் மூட்டத்தோட மேல்விளிம்பு ஒரு அழுக்கு வெள்ளைப் போர்வை மாதிரி கீழ இறங்குது. அஞ்சாவது நிமிஷம் மேல முழுக்க நீலம். அதே சார் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு, "இத மொதல்லயே காட்டியிருக்கலாம்ல?"ன்னார். மார்க் எவ்வளவுன்னு இன்னும் வரல.

இந்தக் கட்டுரைய எழுதுறப்போ ஹேஸுக்குத் தமிழ்ல என்னன்னு யோசிச்சு, ஊர்ல இருக்கிற எங்க அம்மாச்சிக்கு ஃபோன் பண்ணேன். "அம்மாச்சி, மேகமும் இல்லாம, நீலமும் இல்லாம வானம் ஒரு மாதிரி இருக்குமே, அத என்ன சொல்வீங்க?" கொஞ்சங்கூட யோசிக்கல. "வெளுத்துக் கிடக்குன்னு சொல்லுவோம். வேற என்ன சொல்றது?" அப்புறம் அதுவே கணக்கா வந்தது: மழைக்கு முன்னாடி கறுக்கும், அந்தியில செவக்கும், விடியிறப்போ வெளுக்கும், மப்பும் மந்தாரமுமாக் கெடக்கும். எல்லாமே வினைச்சொல். வானம் நீலம்னு அம்மாச்சி ஒரு தடவ கூடச் சொல்லல. ரைம்ஸ் படிச்சு வளர்ந்த எனக்கு வானம்னா ஒரு கலர், கிரேயான் டப்பாவுல ஒரு குச்சி. அவங்களுக்கு வானம்னா என்னமோ ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கிற இடம். நாங்க எட்டு மாசமா ஷேடர்ல எழுதப் பாத்ததும் அதத்தான்.

உங்களுக்கும் ஆசை இருந்தா, ஃப்ளைட்கியர்னு ஒரு சிமுலேட்டர் இருக்கு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், மெட்டாரையும் தானே எடுத்துக்கும். சென்னை விமான நிலையத்தத் தேர்ந்தெடுத்து, வானிலைய நேரலையில வச்சு, ஒரு மத்தியான நேரமாப் பாத்துக் கிளம்புங்க. எத்தனாவது நிமிஷத்துல நீலம் வந்ததுன்னு எனக்குச் சொல்லுங்க.